வரிச் சலுகை போன பிறகும் தொடரலாமா? தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் என் பத்தாண்டுகள்

பாளையங்கோட்டையில் நான் நடத்திவரும் அச்சகத்தில் பத்தாண்டுகளுக்கு முன்பு இரண்டு மினி ஆஃப்செட் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது ஒன்றுதான் ஓடுகிறது, அதுவும் முகூர்த்த மாதங்களில்தான் நாள் முழுக்க ஓடுகிறது. கடைகளுக்கு அடித்துக்கொடுத்த பில் புத்தகங்கள், 2017இல் ஜிஎஸ்டி வந்து கணினியில் பில் போடும் வழக்கம் பரவியதோடு, பாதிக்கு மேல் நின்றுபோயின. ஆயிரம் கல்யாணப் பத்திரிகை அடித்த குடும்பங்கள் இன்று இருநூறு அடித்துவிட்டு மிச்சப் பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றன. எனக்கு 51 வயது ஆகிறது. வருங்கால வைப்பு நிதியோ, பணிக்கொடையோ, மாதம் பிறந்தால் வந்து விழும் ஓய்வூதியமோ இல்லாத ஒருவன், தன் தொழிலே இன்னும் ஒன்பது ஆண்டு தாக்குப்பிடிக்குமா என்று தெரியாத நிலையில், முதுமைக்கென்று எதை நம்பிப் பணம் போடலாம் என்ற கேள்வியோடுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது தேசிய ஓய்வூதியத் திட்டம், வழக்கில் சொன்னால் என்பிஎஸ். 2016 மார்ச் முதல் அதில் பணம் போட்டுவருகிறேன்.

2004 ஜனவரி 1 முதல் வேலையில் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்காக, ராணுவத்தினர் நீங்கலாக, கொண்டுவரப்பட்ட திட்டம் இது; 2009 மே மாதம் முதல் பொதுமக்கள் யாரும் சேரலாம் என்று திறந்துவிட்டார்கள். ஆனால் எங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களின் காதில் அதன் பெயர் விழுந்தது 2015-16 நிதியாண்டில்தான். வருமான வரியில் சேமிப்புகளுக்கு 80சி பிரிவு தரும் ஒன்றரை லட்சம் விலக்குக்கு மேல், இதில் போடும் 50,000 ரூபாய்க்குத் தனி வரி விலக்கு அந்த ஆண்டில்தான் தொடங்கியது. மார்ச் மூன்றாம் வாரத்தில் என் ஆடிட்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, அம்பதாயிரம் போட்டீங்கன்னா பத்தாயிரம் வரி மிச்சம். ஆனா ஒண்ணு, அறுபது வயசு வரைக்கும் அது உங்க பணம்தான், உங்க கையில சிக்காது" என்றார். முதல் பாதி காதில் விழுந்த அளவுக்கு இரண்டாம் பாதி விழவில்லை.

கணக்குத் தொடங்கப் போன வங்கிக் கிளையில், என்பிஎஸ் என்று சொன்னதும் அங்கிருந்த அலுவலர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் பளபளப்பான மடிப்பிதழை எடுத்து நீட்டினார். பதினைந்து ஆண்டு கட்டினால் எவ்வளவு வரும் என்று பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். நான் கேட்டது அதுவல்ல என்று மூன்று முறை சொன்ன பிறகே உள்ளேயிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது. நகலின் நகலாக வந்திருந்த அந்தப் படிவத்தின் கட்டங்களில் ஓர் எழுத்தைக் கூட அடங்க எழுத முடியவில்லை. என் அச்சகத்தில் அப்படி அடித்துக்கொடுத்திருந்தால் வாடிக்கையாளர் கட்டோடு திருப்பித் தந்திருப்பார். ஓய்வூதியத் திட்டத்தை விற்பதில் வங்கிக் கிளைக்குக் கிடைப்பது சொற்பம், காப்பீட்டில் கிடைப்பது அதிகம் என்ற கணக்கு பின்னர்தான் எனக்குப் புரிந்தது. புதிதாகச் சேர நினைப்பவர்கள் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்துக்கொண்டு இணையத்திலேயே சேர்ந்துவிடுவது நல்லது. மடிப்பிதழ் பார்க்கும் வேலை மிச்சம்.

சேர்ந்ததும் பிரான் எனப்படும் பன்னிரண்டு இலக்க நிரந்தர எண் கிடைக்கும். ஊர் மாறினாலும் தொழில் மாறினாலும் அந்த எண் மாறாது. நாம் போடும் பணத்தை எந்த நிறுவனம் நிர்வகிக்க வேண்டும் என்பதையும், அதில் எத்தனை சதவீதம் பங்குகளுக்கும், எத்தனை நிறுவனக் கடன் பத்திரங்களுக்கும், எத்தனை அரசுக் கடன் பத்திரங்களுக்கும் போக வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். முடிவெடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு, வயது ஏற ஏறப் பங்குகளின் அளவைத் தானாகக் குறைத்துக்கொண்டுவரும் ஏற்பாடும் உண்டு. நான் சேர்ந்தபோது பங்குகளுக்கு அதிகபட்சம் 50 சதவீதமே அனுமதி. நான் அந்த ஐம்பதையும் எடுத்துக்கொண்டு மீதியில் பெரும்பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் வைத்தேன். அந்த வரம்பு பின்னர் 75 ஆகி, 2025 அக்டோபர் முதல் 100 சதவீதம் வரை பங்குகளில் போடும் திட்டங்களும் வந்துவிட்டன. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, தேவையும் இல்லை. இரண்டாம் அடுக்குக் கணக்கு என்று ஒன்றும் இதில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய அந்தக் கணக்கால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை என்பதால் தொடங்கவில்லை.

இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய பலம் அதன் நிர்வாகச் செலவு. நான் பணம் போட்டுவந்த ஆண்டுகளில், நிதியை நிர்வகிக்கும் நிறுவனத்துக்குப் போன கட்டணம் நூறு ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்துப் பைசா அளவுதான். முகவர் வழியாக வாங்கும் பங்குசார் மியூச்சுவல் ஃபண்டுகளில் அது ஒன்றரை ரூபாயைத் தாண்டுவது சகஜம். பார்ப்பதற்குச் சில்லறைக் கணக்கு போலத் தெரியும். ஆனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மொத்த இருப்பின் மேல் ஆண்டுதோறும் கழியும் ஒன்றரை சதவீதம், முடிவில் கைக்கு வரும் தொகையில் கால் பங்கை விழுங்கிவிடும். காகிதம் ரீமுக்கு மூன்று ரூபாய் ஏறினால் முகம் சுளிக்கும் நான், மற்ற முதலீடுகளில் இந்தக் கழிவைப் பல ஆண்டுகள் கேட்டதே இல்லை.

அதற்கு அடுத்த பலம், தவணை என்ற ஒன்றே இல்லாதது. என் தொழிலில் தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கல்லாவில் பணம் புரளும். ஆடியிலும் மார்கழியிலும் மின்கட்டணம் கட்டுவதற்கே யோசிக்க வேண்டியிருக்கும். மாதம் பிறந்தால் இவ்வளவு கட்டு என்று கழுத்தைப் பிடிக்கும் எந்தத் திட்டமும் எங்களுக்கு ஒத்துவராது. இதில் ஒரு முறைக்கு 500 ரூபாய்க்குக் குறையாமல், ஆண்டுக்கு மொத்தம் 1,000 ரூபாய்க்குக் குறையாமல் போட்டால் போதும், கணக்கு உயிரோடு இருக்கும். மேல் வரம்பு கிடையாது. ஊரடங்கு ஆண்டான 2020-21இல் நான் போட்டது சரியாக 1,000 ரூபாய்தான். அபராதமும் இல்லை, திட்டம் காலாவதியாகிவிட்டது என்ற கடிதமும் இல்லை. ஆயுள் காப்பீட்டுத் தவணையைக் கட்ட முடியாமல் விட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். இப்போது டி-ரெமிட் என்ற வசதியின் மூலம் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால், வேலை நாளில் காலை பதினொன்றுக்குள் போய்ச் சேரும் பணத்துக்கு அன்றைய விலையிலேயே யூனிட், அதாவது நிதியில் நம் பங்கு, கிடைத்துவிடுகிறது. கல்யாண ஆர்டரின் முன்பணம் வந்த மறுநாள் காலையில், காகிதக் கடைக்காரர் வந்து நிற்பதற்கு முன்பே, ஒரு தொகையை இதற்கு அனுப்பிவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

இனி, அறுபது வயது வரை பணத்தைக் கையில் சிக்கவிடாத அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 23 அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதம், சரிந்தது. அன்று இரவு கைபேசியில் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஐந்து முறையாக நான் போட்டிருந்த இரண்டரை லட்சம், இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் கீழே நின்றுகொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளின் வளர்ச்சி ஒரே மாதத்தில் கரைந்துவிட்டது. மறுநாள் மாலையோடு அச்சகத்தை இழுத்துச் சாத்தினோம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்காக அடித்து அடுக்கிவைத்திருந்த பத்திரிகைகளில் தேதிகள் எல்லாம் பொய்யாகிப்போயின; பாதிப் பணம் மட்டும் தந்திருந்தவர்களிடம் மீதியைக் கேட்கும் முகமும் எனக்கு இல்லை. அந்த நேரத்தில் கணக்கிலிருந்த பணத்தை எடுக்க முடிந்திருந்தால் ஒரு நிமிடம் கூட யோசித்திருக்க மாட்டேன். முடியவில்லை. இடைக்காலத்தில் எடுப்பதற்கு அனுமதி உண்டு, ஆனால் நாம் போட்ட தொகையில் 25 சதவீதம் மட்டுமே, அதுவும் பிள்ளைகளின் உயர்கல்வி, திருமணம், வீடு, கடும் நோய் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே. தொழில் முடங்கிக் கிடப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஒரேயடியாக வெளியேறலாம் என்றால், 80 சதவீதத்தை ஆயுள்கால ஓய்வூதியமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி.

பூட்டியிருந்ததால் பணம் தப்பியது உண்மை. சந்தை மீண்டது, இந்த ஆண்டுக்கான தொகை நீங்கலாக நான் போட்ட மொத்தம் 4,51,000 ரூபாய் இன்று ஏழரை லட்சத்தைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. ஆனால் இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்துபவர்கள் பாதியை மறைக்கிறார்கள். என்பிஎஸ் கொடுக்காத பணத்தை வேறு எங்கிருந்தாவது புரட்டத்தானே வேண்டும்? மனைவியின் எட்டுப் பவுன் கூட்டுறவு வங்கிக்குப் போனது. மீட்பதற்குப் பதினெட்டு மாதங்கள் ஆயின, வட்டி கட்டினேன். 2021இல் தமிழக அரசு கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது ஐந்து பவுனுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் சலுகை. எட்டுப் பவுன் வைத்த நான் வரிசையில் நிற்கும் தகுதியைக் கூடப் பெறவில்லை. ஆகவே பூட்டு நல்லதா கெட்டதா என்று கேட்டால், ஆறு மாதக் குடும்பச் செலவும் ஆறு மாதக் கடை வாடகையும் வங்கியில் தனியாக வைத்திருப்பவருக்கு மட்டுமே நல்லது என்பேன். அந்தச் சேமிப்பு இல்லாமல் முதல் ரூபாயை இதில் போட்டது நான் செய்த தவறு. அது திட்டத்தின் தவறு அல்ல.

அடுத்த சோதனை வரியில் வந்தது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையே இயல்பான தேர்வு என்றாகி, என் வருமானத்துக்கு அதுவே லாபகரமாகவும் ஆனபோது, 50,000 ரூபாய்க்கான அந்தத் தனி விலக்கு எனக்கு இல்லாமல் போனது. எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தேனோ அந்தக் காரணமே மறைந்துவிட்டது. புதிய முறையிலும் முதலாளி தன் ஊழியரின் கணக்கில் போடும் பணத்துக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை சலுகை இருக்கிறது. சம்பளக்காரர்கள் தங்கள் நிறுவனத்திடம் அவசியம் கேட்டு வாங்க வேண்டிய சலுகை அது. எனக்கு நானே முதலாளி என்பதால் அது எனக்குப் பொருந்தாது. அப்படியானால் தொடர்வதா, ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் போட்டுக் கணக்கை உயிரோடு மட்டும் வைத்திருப்பதா என்று ஓர் ஆண்டு முழுக்க யோசித்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இருந்த மாற்று, தலைமைத் தபால் நிலையத்தில் வைத்திருக்கும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, அதாவது பிபிஎஃப். அரசு உத்தரவாதம், வட்டிக்கு வரி இல்லை, பதினைந்து ஆண்டில் முழுப் பணமும் கைக்கு வரும். நிம்மதியாகத் தூங்க அதைவிட நல்ல கணக்கு கிடையாது. ஆனால் அதன் உத்தரவாதம் அசலுக்குத்தான், வட்டி விகிதத்துக்கு அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் என்பிஎஸ்ஸில் சேர்ந்த மாதத்தில் பிபிஎஃப் வட்டி 8.7 சதவீதம், 2020 ஏப்ரல் முதல் அது 7.1 சதவீதம். 2021 மார்ச் 31 அன்று மாலை அதை 6.4 ஆகக் குறைத்து அறிவிப்பு வந்தது. மறுநாள் காலையே, கவனக்குறைவாக வெளியாகிவிட்டது என்று சொல்லி நிதியமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். ஏப்ரல் முதல் தேதி என்பதால் எது விளையாட்டு, எது உத்தரவு என்று எங்கள் தெருவில் சற்று நேரம் குழப்பமாகவே இருந்தது. நிச்சயம் என்று நாம் நினைக்கும் கணக்கின் வட்டியும் ஒரு மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் ஆடக்கூடியதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். சந்தையின் ஏற்ற இறக்கம் ஒரு வகை நிச்சயமின்மை. அரசு அறிவிக்கும் வட்டி இறங்கிக்கொண்டே வருவதும் விலைவாசி ஏறிக்கொண்டே போவதும் இன்னொரு வகை. ஒன்றில் பணம் குறைவது கண்ணுக்குத் தெரியும், மற்றதில் தெரியாது. இரண்டிலும் ஒரு கால் வைத்திருப்பதுதான் சரி என்ற முடிவுக்கு வந்து, வரிச் சலுகை இல்லாமலேயே தொடர்ந்தேன்.

திட்டத்தின் பலவீனம் நுழைவாயிலில் அல்ல, வெளியேறும் வாயிலில் இருக்கிறது. நான் சேர்ந்தபோது இருந்த விதிப்படி, அறுபது வயதில் திரண்டிருக்கும் தொகையில் 60 சதவீதம் வரை கையில் வாங்கிக்கொள்ளலாம். குறைந்தது 40 சதவீதத்தை ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, ஆன்யூட்டி எனப்படும் ஆயுள்கால ஓய்வூதியத்தை வாங்கியாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபதில் 40 லட்சம் சேர்ந்தது என்றால், ஆன்யூட்டிக்குப் போவது 16 லட்சம். நமக்குப் பிறகு அசல் வாரிசுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாட்டில், நிறுவனம் 6.5 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,04,000 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 8,667 ரூபாய் வரும். அதே 16 லட்சத்தைத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இன்றைய 8.2 சதவீத வட்டியில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 32,800 ரூபாய் வரும். மாதக் கணக்கில் சுமார் 10,930. ஒவ்வொரு மாதமும் இரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம். போதாக்குறைக்கு, ஆன்யூட்டியில் வருவது முழுவதும் வரிக்கு உட்பட்ட வருமானம்.

அதைவிடப் பெரிய குறை, அந்த 8,667 ரூபாய் ஏறவே ஏறாது என்பது. ஆண்டுக்கு ஒரு சிறு விழுக்காடு ஏறும் வகை ஆன்யூட்டிகள் உண்டுதான், ஆனால் அவற்றில் தொடக்கத் தொகை மிகவும் சிறுத்துப்போகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், பன்னிரண்டு ஆண்டில் விலைகள் இரு மடங்காகும்; எண்பது வயதில் என் கைக்கு வரும் 8,667 ரூபாய்க்கு, அறுபது வயதில் 2,700 ரூபாய்க்கு வாங்கிய பொருள்தான் கிடைக்கும். அரசு ஊழியரின் பழைய ஓய்வூதியம் அகவிலைப்படியோடு ஏறும். "பென்ஷன்" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், இரண்டும் ஒன்றுபோல வேலை செய்யும் என்று நம்பிச் சேருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏமாறத்தான் போகிறார்கள்.

2025 டிசம்பரில் வந்த திருத்தம் இந்தக் குறையைப் பெருமளவு தளர்த்தியிருக்கிறது. அரசு ஊழியர் அல்லாதவர்கள் இனி 20 சதவீதத்தை மட்டும் ஆன்யூட்டிக்குக் கொடுத்துவிட்டு, 80 சதவீதம் வரை கையில் வாங்கலாம். மொத்தமே 8 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். 85 வயது வரை கணக்கைத் தொடரவும் செய்யலாம். மேலே போட்ட கணக்கில் ஆன்யூட்டிக்குப் போகும் தொகை 16 லட்சத்திலிருந்து 8 லட்சமாகிவிடுகிறது. ஓர் எச்சரிக்கை: எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சொல்வது ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி, எடுத்ததில் எவ்வளவுக்கு வரி இல்லை என்பதைச் சொல்வது வருமான வரிச் சட்டம். முன்னது மாறினால் பின்னதும் தானாக மாறிவிடாது. மொத்தத் தொகையில் 60 சதவீதம் வரை வரியில்லை என்பதே நெடுநாளாக இருந்துவரும் ஏற்பாடு. அதற்கு மேல் எடுப்பவர்கள் எடுக்கும் ஆண்டின் சட்டத்தை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

இத்தனை குறை சொன்ன பிறகும் ஆன்யூட்டியை அடியோடு தள்ளிவிட எனக்கு மனமில்லை. காரணம் என் பெரியப்பா. ஈய எழுத்துக் கோத்த காலத்துக் கம்பாசிட்டர் அவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை வங்கியில் போட்டு, வட்டியையும் பிறகு அசலையும் சிக்கனமாக எடுத்துச் சாப்பிட்டார். அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை, ஒன்றைத் தவிர: எண்பது வயதோடு போய்விடுவோம் என்று கணக்குப் போட்டிருந்தார். எண்பத்து நான்கில் பணம் தீர்ந்தது. அவர் இருந்தது தொண்ணூற்றொன்று வரை. கடைசி ஏழு ஆண்டுகள் மாதம் பிறந்ததும் நாங்கள் மூன்று பேர் பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்தோம். வாங்கும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்ப்பார். சந்தை விழுவதையும் வட்டி குறைவதையும் நாம் ஓரளவு சமாளித்துவிடலாம். எவ்வளவு நாள் இருப்போம் என்பது தெரியாததற்கு, இருக்கும் நாள் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டைத் தவிர வேறு மருந்து இல்லை. அரிசி, மருந்து, மின்கட்டணம் இந்த மூன்றுக்கும் ஈடாகும் அளவுக்கு மட்டும், மனைவியின் ஆயுள் வரைக்கும் தொடரும் வகையில், ஆன்யூட்டி வாங்கினால் போதும் என்பது என் கருத்து. அதற்கு அந்த 20 சதவீதம் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

என்னிடம் வேலை பார்க்கும் இயந்திரக்காரத் தம்பி 2017இல், தன் முப்பதாவது வயதில், அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தார். மாதம் 577 ரூபாய். அறுபது வயதில் மாதம் 5,000 ரூபாய் அரசு உத்தரவாதம். அவருக்குப் பிறகு மனைவிக்கும் அதே தொகை. இருவருக்கும் பிறகு எட்டரை லட்சம் நாமினிக்கு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வதால் அவர் அதை மறந்தேவிட்டார், அதுதான் அதன் சிறப்பும். ஆனால் 2047இல் அவர் வாங்கப்போகும் 5,000 ரூபாயின் மதிப்பு, நான் மேலே வைத்துக்கொண்ட 6 சதவீதக் கணக்கிலேயே, அவர் சேர்ந்த ஆண்டின் 870 ரூபாய்தான். "அண்ணே, அப்ப டீச் செலவுக்குத்தான் ஆகும் போல" என்று சிரித்தார். இதை நம்பி மற்றதை விடாதே என்று சொல்லி அவரையும் என்பிஎஸ்ஸில் ஒரு கணக்குத் தொடங்க வைத்தேன். அடல் திட்டத்தில் நாற்பது வயது வரைதான் சேர முடியும், வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் சேரவே முடியாது என்பதால் எனக்கு அது பொருந்தவில்லை.

என்பிஎஸ்ஸில் எனக்கு இருக்கும் தீராத ஐயம் விதிமாற்றங்களைப் பற்றியது. நான் சேர்ந்த பத்தாண்டுக்குள் பங்கு வரம்பு மாறியது, கைக்கு வாங்கும் விகிதம் மாறியது, வரி விலக்கின் அளவு மாறியது, சேரும் வயதும் இருக்கும் வயதும் மாறின. இதுவரை வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை சந்தாதாரருக்குச் சாதகமானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் விதியை எழுதுபவர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்குப் பணத்தைப் பூட்டிவைப்பவர் வேறொருவர். சாதகமாக மாற்ற முடிந்தவர்களுக்குப் பாதகமாக மாற்றவும் முடியும். ஆகவேதான் முதுமைக்கென்று நான் ஒதுக்கும் நூறு ரூபாயில் நாற்பதுக்கு மேல் இதில் போடுவதில்லை. இன்னொரு நாற்பது பிபிஎஃப்புக்கும், மிச்சம் எந்நேரமும் உடைக்கக்கூடிய வங்கி வைப்புக்கும் போகின்றன. அறுபது வயதானதும் கைக்கு வருவதில் ஒரு பகுதியை, 30 லட்சம் வரை அனுமதிக்கும் அந்த மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்பதும் என் எண்ணத்தில் இருக்கிறது.

முப்பதுகளில் இருக்கும் சொந்தத் தொழில்காரர்களுக்கும், ஒழுங்காகச் சேமிக்கக் கை வராதவர்களுக்கும், செலவு குறைவாக இருக்கும் ஒரே காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். கழுத்தளவு கடனில் இருப்பவர்களும், மூன்று ஆண்டுக்குள் மகள் கல்யாணம் வைத்திருப்பவர்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வரிச் சலுகை இருந்தால் மட்டுமே லாபம். இல்லையென்றால் தபால் நிலையமே போதும்.

சேவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டுப் பெயர் உள்ளவர்கள் எல்லோருக்கும் இது நேரக்கூடியது. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன, தலைப்பெழுத்தை விரித்து எழுதுங்கள் என்று கவுண்டரில் சொன்னார்கள், எழுதினேன். அட்டை வந்தபோது அதில் முதல் பெயராக என் அப்பாவின் பெயர் இருந்தது. 1998இல் காலமான அவருக்கு மத்திய அரசு ஓய்வூதிய எண் வழங்கியதைப் போல இருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம், ஆனால் அறுபது வயதில் வங்கிக் கணக்கின் பெயரும் இந்தப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நின்றுவிடும். சேருபவர்கள் பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்; எங்கள் தொழிலில் புரூஃப் பார்ப்பதைப் போல. மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் அவளையும் நாமினியாகச் சேர்த்தேன். இணையத்தில், ஓடிபி வந்து, ஐந்தே நிமிடத்தில் அந்த வேலை முடிந்தது. என் பெயரை எனக்குத் திருப்பித் தருவதற்குத்தான் இரண்டு விண்ணப்பமும் ஏழு வாரமும் ஆயின.